தீவனப் பயிர் ரகங்களில் மரபணு வேறுபாட்டை எப்படி அளப்பது? எந்த மார்க்கர், எத்தனை செடி?

கேள்வி, சுருக்கமாக: கம்பு நேப்பியர், கொழுக்கட்டைப் புல், குதிரை மசால் மூன்றிலும் வெளியிடப்பட்ட ரகங்களையும் ஊர் ஊராக எடுத்த சேகரிப்புகளையும் வைத்திருக்கிறேன். இவற்றுக்குள் மரபணு வேறுபாட்டை அளந்து, எதை எதோடு சேர்த்துப் புது ரகம் எடுக்கலாம் என்று பார்க்க வேண்டும். டிஎன்ஏ அடையாளக்குறிகளில் (மார்க்கர்) எஸ்எஸ்ஆர், அதாவது திரும்பத் திரும்ப வரும் குறுந்துண்டின் நீளத்தைப் பார்ப்பது, போதுமா; ஒற்றை எழுத்து மாற்றத்தைப் பார்க்கும் எஸ்என்பிக்குப் போக வேண்டுமா? ஒரு ரகத்துக்கு எத்தனை செடியில் இலை எடுப்பது? வயலில் அளந்த குணங்களை வைத்து டி-ஸ்கொயர் (பல குணங்களைச் சேர்த்து ரகங்களுக்கு இடையே தூரம் கணிக்கும் அளவு) மட்டும் போட்டால் போதாதா?

பதில்:

மார்க்கர் எது என்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். நீங்கள் சொல்லும் மூன்று பயிர்களும் மூன்று வேறு வழியில் இனம் பெருக்குபவை. கம்பு நேப்பியரில் ஒரு ரகம் என்பது ஒரே ஒரு செடி. அதைக் கரணை கரணையாக வெட்டி ஊரெல்லாம் நட்டிருக்கிறோம். கொழுக்கட்டைப் புல் விதையில் முளைக்கிறது, ஆனால் அந்த விதை பெரும்பாலும் தாயின் அச்சு நகல். குதிரை மசாலில் ஒரு ரகம் என்பது ஒரு கூட்டம். அதில் எந்த இரண்டு செடியும் ஒன்றுபோல் இருக்காது. இந்த மூன்றையும் ஒரே மாதிரித் திட்டத்தில் போட்டு, ஒரே மார்க்கரை ஓட்டி, ஒரே மென்பொருளில் கொட்டினால் எண்கள் வரும், படமும் அழகாக வரும். ஆனால் மூன்று பயிரிலும் அந்த எண்ணுக்கு அர்த்தம் வேறு வேறு. அதனால் ஒவ்வொன்றாகப் போகலாம்.

கம்பு நேப்பியர் எளிது, முதலில் அதை முடித்துவிடுவோம். கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28. இரண்டும் சேர்ந்த ஒட்டுப்புல்லுக்குக் கம்பிலிருந்து 7, நேப்பியரிலிருந்து 14, ஆக 21. மூன்று தொகுதி இருப்பதால் செடி மலடு, விதை பிடிக்காது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பர்ட்டன் 1944-லேயே இந்தக் கலப்பைப் பற்றி எழுதினார். கோயம்புத்தூரில் 1950களில் தொடங்கிய வேலை கோ 4, கோ 5 ரகங்கள் என்று இன்று வரை தொடர்கிறது.

செடி மலடு என்றால், கோ 4-க்கும் கோ 5-க்கும் இடையே மரபணு அளவில் எவ்வளவு தூரம் என்று அளந்து, தூரமாக இருப்பதால் இரண்டையும் கலக்கலாம் என்று எழுத முடியாது. கலக்க முடியாத இரண்டுக்கு நடுவே தூரம் அளந்து இனப்பெருக்கத்துக்கு என்ன பயன்? இங்கே அளக்க வேண்டியது பெற்றோரை: உங்களிடம் இருக்கும் நேப்பியர் சேகரிப்புகளையும் கம்பு வரிசைகளையும். நேப்பியர் தன்னளவில் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். அதற்குள் வேறுபாடு ஏராளம். கோல்ச்சிசின் கொடுத்துக் குரோமோசோமை இரட்டிப்பாக்கி, 42 குரோமோசோம் உள்ள செடியில் ஓரளவு வளத்தை மீட்கும் வழியும் இருக்கிறது. உங்கள் துறையில் அந்த வேலை நடக்கிறது என்றால் மட்டும் ஒட்டுப்புல்களுக்கு இடையிலான தூரத்துக்கு மதிப்பு உண்டு.

இன்னொன்று, பலர் தடுமாறும் இடம். ஒரு கம்பு நேப்பியர் செடியை மார்க்கரில் பார்த்தால் டிஎன்ஏவின் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று அல்லீல், அதாவது மாற்று வடிவம், தெரியும். இரண்டு இனங்களின் கலப்பு, வேறெப்படி இருக்கும்? மென்பொருள் அதைப் பார்த்து "அதிக வேறுபாடு" என்று சொல்லும். ஆனால் வயல் முழுக்க நிற்பது அதே ஒரு செடி. செடிக்குள் இருக்கும் வேறுபாடு உச்சம், வயலில் இருக்கும் வேறுபாடு பூஜ்யம். ஒரு பூச்சியோ நோயோ வந்தால் இரண்டாவதுதான் கணக்கில் வரும். கென்யாவில் பால்மாடு வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் நேப்பியரைக் கரிப்பூட்டை நோயும், பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வரும் குட்டை நோயும் அடித்தது இதற்கு நல்ல உதாரணம். கரணை வழியே புல் பரவிய அதே பாதையில் நோயும் பரவியது. கரிப்பூட்டையைத் தாங்கும் ககமேகா 1 போன்ற தேர்வுகளைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்படியென்றால் கம்பு நேப்பியர் ரகங்களில் மார்க்கர் ஓட்டுவதே வீணா? இல்லை, அடையாளம் காண்பதற்கு அது அருமையான கருவி. தாய்லாந்தின் பாக்சோங் 1 என்ற பெயரிலும் "சூப்பர் நேப்பியர்" என்ற பெயரிலும் கரணை விற்கிறார்கள். ஒரே கட்டை நான்கு பெயரில் கைமாறுவது இந்த வியாபாரத்தில் புதிதில்லை. இலை அகலம், சுனை, தண்டின் கனம் எல்லாம் தண்ணீரும் உரமும் வெட்டும் இடைவெளியும் மாறினால் மாறும்; கண்ணால் பார்த்துச் சண்டை போடுவதில் பலனில்லை. இதற்கு எஸ்எஸ்ஆர் தாராளமாகப் போதும். தொடர்பில்லாத இரண்டு செடிகள் ஒரு மார்க்கரில் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மார்க்கரிலும் ஒத்துப்போக வாய்ப்பு பத்து லட்சத்தில் ஆறுதான். ஆனால் ஒரே கலப்பில் பிறந்த உடன்பிறப்புகள் என்றால் அந்த 0.3 என்பது 0.6 ஆகிவிடலாம், அப்போது 10 மார்க்கரில் ஆயிரத்துக்கு ஆறு, அது போதாது, 20 மார்க்கர் வேண்டும். ரகத்துக்கு ஒரு செடி போதும். ஆனால் ஒப்பிட வைக்கும் செடி ரகத்தை வெளியிட்ட இடத்திலிருந்தே வந்ததாக இருக்கட்டும். பக்கத்து வயலில் எடுத்து "இது கோ 4" என்று எழுதினால் ஆரம்பமே கோணல். ஒரே செடியின் இலையைத் தனித்தனியாக மூன்று முறை டிஎன்ஏ எடுத்து ஓட்டுங்கள். அவற்றுக்குள் வரும் மாறுபாடுதான் உங்கள் பிழை. அதைவிடப் பெரிய மாறுபாட்டை மட்டுமே இரண்டு ரகம் என்று சொல்ல வேண்டும். மூன்று தொகுதிப் பயிரில் எந்த அல்லீல் எத்தனை நகல் என்று எஸ்எஸ்ஆரில் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் இருக்கிறது, இல்லை என்று 1, 0 போட்டு ஜக்கார்ட் அளவில் (இரண்டிலும் பொதுவாக இருப்பது எத்தனை பங்கு என்ற அளவு) ஒப்பிடுவது நேர்மையான வழி.

அடுத்து கொழுக்கட்டைப் புல். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில், வெள்வேல் மர நிழலும் கிளுவை வேலியுமாக இருக்கும் மேய்ச்சல் நிலங்களில் நிற்பது இதுதான். வறட்சியைத் தாங்கும், மேய மேயத் துளிர்க்கும். இதன் விதை உருவாகும் விதம் வேறு. முட்டை செல் குரோமோசோமைப் பாதியாகக் குறைக்காமல், கருத்தரிக்காமல், தாயின் திசுவிலிருந்தே கரு வளர்கிறது. மகரந்தம் தேவை, ஆனால் முளைசூழ் திசுவுக்கு மட்டும். இதை ஏபோமிக்சிஸ் என்கிறோம். ஆக, விதை போட்டு வளர்த்த ஆயிரம் செடியும் ஒரே மரபணு அமைப்பில் இருக்கக்கூடும்.

இதனால் இலை எடுக்கும் முறையே மாறுகிறது. ஒரே கொறங்காட்டில் 30 செடி எடுத்தால் ஒரே செடியை 30 முறை எடுத்ததாக முடியலாம். ஒரு காட்டுக்கு இரண்டு மூன்று செடி, ஆனால் காடுகள் நிறைய. மண்ணும் மழையும் மாறும் இடங்களாகப் பார்த்து எடுங்கள். கணக்கிலும் முதல் கேள்வி அல்லீல் விகிதம் இல்லை. எடுத்த மாதிரிகளில் எத்தனை வேறு வேறு மரபணு அமைப்புகள் இருக்கின்றன என்பது. 60 மாதிரியில் 12 அமைப்பு என்றால், ஒன்றைக் கழித்து 11-ஐ 59-ஆல் வகுத்தால் 0.19 வரும். எல்லாம் ஒரே குளோன் (ஒரே செடியின் நகல்கள்) என்றால் 0, எல்லாமே வேறு என்றால் 1. இந்த எளிய எண் மற்ற எதையும்விட அதிகம் சொல்லும். அதற்கப்புறம், திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றக் கணக்குகளுக்குப் போங்கள்.

செடிகளை மரபணுக் குழுக்களாகப் பிரிக்கும் ஸ்ட்ரக்சர் மென்பொருளை இந்தத் தரவில் ஓட்டிவிட்டு வண்ணப் பட்டைகளை ஒட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். 2000-இல் பிரிட்சர்டும் கூட்டாளிகளும் அதை வடிவமைத்தது, கூட்டத்துக்குள் செடிகள் தாராளமாகக் கலக்கின்றன என்ற அனுமானத்தில். இங்கே கலப்பே நடக்கவில்லை. எத்தனை குழு என்று முடிவு செய்யப் பலரும் எடுக்கும் டெல்டா-கே அளவு, கட்டமைப்பின் காரணமாகவே "ஒரே குழு" என்ற விடையை ஒருபோதும் தராது. உண்மையில் பிரிவே இல்லாவிட்டாலும் குறைந்தது இரண்டு என்று சொல்லும். குளோன் பயிருக்கு முதன்மை ஆயங்களில் (வேறுபாடு அதிகம் தெரியும் அச்சுகளில்) புள்ளிகளாகப் போட்டுப் பார்ப்பதோ, டிஏபிசி போல அந்த அனுமானம் இல்லாத குழுப் பிரிப்பு முறையோ போதும்.

வேறுபாட்டை அளந்துவிட்டீர்கள், சரி. எப்படிப் பயன்படுத்துவது? தாயின் நகலே விதை என்றால் கலப்புக்கு வழி ஏது? இங்கேதான் டெக்சஸ் கதை உதவும். அங்கே இதே புல்லை 1940களின் கடைசியில் டி-4464 என்ற எண்ணில் பரப்பினார்கள். டெக்சஸின் தெற்கும் வடக்கு மெக்சிகோவும் அந்த ஒரு ஏபோமிக்சிஸ் குளோனால் நிரம்பின. 1990களில் ஒரு பூஞ்சையால் இலைக்கருகல் வந்தபோது, பரந்த நிலம் முழுக்க அதே செடி. இனப்பெருக்கத்துக்கு வழி திறந்தது வேறொரு கண்டுபிடிப்பு: கருத்தரித்து விதை தரும் ஒரு செடியை அமெரிக்க ஆய்வாளர் பாஷா கண்டுபிடித்து 1962-இல் வெளியிட்டார். அதைத் தாயாக வைத்து, ஏபோமிக்சிஸ் செடியின் மகரந்தத்தைக் கொடுத்தால் சந்ததியில் புதுச் சேர்க்கைகள் வரும். அவற்றில் மறுபடி ஏபோமிக்சிஸாக இருப்பதைப் பொறுக்கினால் அது அப்படியே ரகம். கினியா புல்லில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கோம்பும் பெர்னேவும் 1960களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பாலினப் பெருக்கம் உள்ள டிப்ளாய்டு (குரோமோசோம் இரண்டு நகல் உள்ள) செடிகளைத் தேடிப் பிடித்ததும் இதே காரணத்துக்காக.

அதனால் உங்கள் சேகரிப்பில் மார்க்கருக்குச் செலவழிக்கும் நேரத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள்: ஒவ்வொரு அமைப்பிலிருந்தும் ஒரு செடியின் விதையை எடுத்துப் பத்திருபது நாற்று வளர்த்து, தாயோடு ஒத்திருக்கின்றனவா என்று அதே மார்க்கரில் பாருங்கள். சந்ததி சிதறினால் அந்தத் தாய்தான் உங்களுக்குக் கிடைத்த புதையல். அந்தச் செடி கிடைக்காதவரை, அளந்த வேறுபாடு பாதுகாப்புக்கும் தேர்வுக்கும் பயன்படும், கலப்புக்கு ஆகாது. ஒன்றிரண்டு ஏபோமிக்சிஸ் ரகங்களையே நம்பியிருப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிரேசிலைப் பாருங்கள். அந்நாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராபா 1984-இல் வெளியிட்ட மராந்து என்ற புல் கோடிக்கணக்கான ஹெக்டேரில் நிற்கிறது. வடக்கே தண்ணீர் தேங்கும் மண்ணில் அது கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கியபோது, அதற்கு மாற்றுத் தேடுவதே தனி வேலையாகிவிட்டது.

இப்போது குதிரை மசால். மூன்றில் கடினமானதும் சுவையானதும் இதுதான். 32 குரோமோசோம், ஒவ்வொன்றும் நான்கு நகல், நான்கும் ஒன்றோடொன்று இணையக்கூடியவை. தேனீ வந்து பூவைத் தட்டித் திறந்தால்தான் நல்ல விதை. தன் மகரந்தத்திலேயே விடாமல் வளர்த்தால் சில தலைமுறையில் செடி நொந்து போகும். எனவே ரகம் என்பது சில பெற்றோர் செடிகளை ஒன்றாக நட்டு, தாராளமாகக் கலக்க விட்டு எடுத்த கூட்டம்.

கூட்டத்தின் வேறுபாட்டை அளக்க மரபியலாளர் நேய் 1973-இல் கொடுத்த எளிய கணக்கு இருக்கிறது. ஒரு இடத்தில் உள்ள அல்லீல்களின் விகிதங்களை வர்க்கம் எடுத்துக் கூட்டி 1-லிருந்து கழிக்க வேண்டும். முதல் ரகத்தில் ஒரு அல்லீல் 0.6, மற்றது 0.4 என்றால் 1 − (0.36 + 0.16) = 0.48. இரண்டாவது ரகத்தில் அதுவே தலைகீழாக 0.4, 0.6 என்றாலும் 0.48. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் சராசரி 0.5, 0.5, மொத்த வேறுபாடு 0.5. ஆக, ரகங்களுக்கு இடையே இருப்பது 0.02 மட்டும். 0.5-ல் 0.02 என்றால் 4 சதவீதம். மீதி 96 சதவீதம் ரகத்துக்குள்ளேயே இருக்கிறது. விகிதம் 0.6-லிருந்து 0.4-க்கு மாறியது கண்ணுக்குப் பெரிதாகப் பட்டாலும் கணக்கில் அவ்வளவுதான். இதே கணக்கைக் கம்பு நேப்பியர் போலத் தூய குளோன்களில், ஒன்றில் அந்த அல்லீல் உண்டு, மற்றதில் இல்லை என்று போட்டால் நூற்றுக்கு நூறும் ரகங்களுக்கு இடையில் போய்விடும். குதிரை மசாலிலும் ரைகிராஸ் என்ற குளிர்நாட்டுத் தீவனப் புல்லிலும் செய்த ஆய்வுகளில், மொத்த வேறுபாட்டில் முக்கால் பங்குக்கு மேல் ரகத்துக்குள் இருப்பது வழக்கமான முடிவு.

இதிலிருந்து இரண்டு விஷயம் பிறக்கிறது. முதலாவது, ஒரு ரகத்துக்கு ஒரு செடியோ இரண்டு செடியோ எடுத்து, உறவைக் காட்டும் கிளைப்படம் போட்டால், அந்தப் படம் செடிகளைப் பற்றியது. ரகங்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இன்னொரு செடியை எடுத்திருந்தால் படம் வேறு மாதிரி வந்திருக்கும். இப்படிப்பட்ட கிளைப்படங்கள் அச்சில் நிறைய உண்டு. அவற்றைப் பார்த்து நீங்களும் அப்படிச் செய்துவிடாதீர்கள். இரண்டாவது, ஒரு நல்ல ரகத்துக்குள்ளேயே தேர்வு செய்ய இடம் நிறைய இருக்கிறது. தூரத்து ரகம் தேடி ஓடுவதற்கு முன் கையில் இருப்பதற்குள் தேடலாம்.

எத்தனை செடி என்ற கேள்விக்கு நேரடி விடை சொல்ல முடியும். கூட்டத்தில் 5 சதவீத அளவில் இருக்கும் ஒரு அல்லீலை 95 சதவீத உறுதியோடு ஒரு முறையாவது பிடிக்க 59 மரபணு நகல்கள் வேண்டும் (0.95-ஐ 59 முறை பெருக்கினால் 0.05-க்குக் கீழே வருகிறது). டிப்ளாய்டு ரைகிராஸில் ஒரு செடிக்கு இரண்டு நகல், ஆக 30 செடி. குதிரை மசாலில் ஒரு செடிக்கு நான்கு, ஆக 15 செடி. இது அல்லீல் இருக்கிறதா என்று பார்க்க. விகிதத்தைச் சரியாக மதிப்பிட வேண்டுமென்றால் இதைப் போல இரண்டு மடங்கு எடுங்கள்.

எஸ்எஸ்ஆரா, எஸ்என்பியா என்பதற்கு இப்போது வரலாம். குதிரை மசாலுக்கு என் ஓட்டு எஸ்என்பிக்கு. நான்கு நகலில் ஒரு அல்லீல் ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதை எஸ்எஸ்ஆர் பட்டையின் அடர்த்தியைப் பார்த்துச் சொல்வது ஊகம். 2011 முதல் பரவிய ஜிபிஎஸ் (genotyping-by-sequencing) முறையில், நொதியால் வெட்டிய துண்டுகளை வரிசைப்படுத்தி, எத்தனை முறை எந்த டிஎன்ஏ எழுத்து வருகிறது என்று எண்ணலாம். ஆனால் வாசிப்பு ஆழத்தில், அதாவது ஓர் இடத்தை எத்தனை முறை படிக்கிறோம் என்பதில், கஞ்சத்தனம் வேண்டாம். நான்கில் ஒரு நகலாக இருக்கும் எழுத்து, ஒரு வாசிப்பில் தப்பும் வாய்ப்பு 0.75. அது முற்றிலும் தப்பாமல் இருக்க 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் 11 வாசிப்பு தேவை. டிப்ளாய்டில் 5 போதும். இருப்பதைக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல் ஒன்றா இரண்டா என்று பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் ஐம்பது அறுபது வாசிப்புக்குப் போக வேண்டியிருக்கும். அவ்வளவு பணம் இல்லையென்றால் ஒரு நல்ல குறுக்குவழி உண்டு: ஒரு ரகத்தின் முப்பது நாற்பது செடிகளிலிருந்து ஒரே அளவு இலையை எடுத்து ஒன்றாக அரைத்து, ஒற்றை மாதிரியாக வைத்து ஆழமாக வரிசைப்படுத்துங்கள். செடி செடியாகத் தெரியாது. ஆனால் ரகத்தின் அல்லீல் விகிதம் கிடைக்கும். நேயின் கணக்குக்கு அதுதானே வேண்டும். ரைகிராஸில் இந்த வழி நன்றாக வேலை செய்திருக்கிறது. ஒவ்வொரு கலவையையும் இரண்டு முறை தனித்தனியாகத் தயாரித்து ஓட்டிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இலை எடை போட்ட இடத்தில் கோளாறு.

எண்களை வடிகட்டும்போது ஒரு பழக்கம்: 5 சதவீதத்துக்குக் கீழே உள்ள அல்லீல்களைத் தூக்கிப் போடுவது. பிழைகளைக் களைய அது உதவும். ஆனால் காட்டுச் சேகரிப்பு ஒன்றில் மட்டும் இருக்கும் அரிய அல்லீல்களும் அதோடு போய்விடும். இனப்பெருக்கம் செய்பவர் தேடிவந்ததே அவையாக இருக்கலாம். ஆக, அந்த வடிகட்டலை மொத்தத் தரவுக்கும் கண்மூடிப் போடாமல், ரகவாரியாகப் பார்த்துப் போடுங்கள். ரகங்களில் செடி எண்ணிக்கை சமமாக இல்லையென்றால், அல்லீல் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடவும் கூடாது. குறைந்த எண்ணிக்கை உள்ள ரகத்தின் அளவுக்கு எல்லாவற்றையும் இறக்கிக் கணக்கிட வேண்டும்.

குதிரை மசாலின் பின்னணியையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மார்க்கர் சொல்வதைப் புரிந்துகொள்ள அது உதவும். அமெரிக்கக் குதிரை மசால் ரகங்களின் வம்சாவளியை ஒன்பது மூலங்களாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் "இந்தியன்", இன்னொன்று "லடாக்". லடாக்கிலிருந்து போன விதை குளிர் தாங்கும் பக்கம் சேர்ந்தது, சமவெளி இந்திய விதை குளிர்காலத்திலும் உறங்காமல் வளரும் பக்கம். இந்தக் குளிர்கால உறக்கம் என்ற ஒரே குணம் உலகக் குதிரை மசாலையே பெரிய பிரிவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் தரவில் வரும் முதல் பிளவும் அதுவாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஆனால் கோயம்புத்தூர் வெயிலில் வெட்ட வெட்ட வளர வேண்டிய ரகத்துக்கு, உறங்கும் வகையைத் தூரம் அதிகம் என்பதற்காகவே கொண்டுவந்து கலந்தால் விளைச்சல் குறையும்.

இப்போது டி-ஸ்கொயர். மகலனோபிஸ் கல்கத்தாவில் மனித உடல் அளவுகளை ஒப்பிட ஆரம்பித்து, 1936-இல் முழு வடிவம் கொடுத்த அளவு அது, சி. ஆர். ராவ் 1952-இல் தந்த டோச்சர் முறைக் குழு பிரிப்போடு சேர்ந்து நம் வேளாண் கல்லூரி ஆய்வேடுகளில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது. அளவில் குறை ஒன்றும் இல்லை. அதில் போடும் தரவில்தான் சிக்கல். ஒரே இடம், ஒரே பருவம், முதல் வெட்டு மட்டும் அளந்து குழு பிரித்தால், அடுத்த பருவத்தில் குழுக்கள் இடம் மாறும். கம்பு நேப்பியரை நட்டு 75 முதல் 80 நாளில் முதல் வெட்டு, அப்புறம் 45 நாளுக்கு ஒரு வெட்டு. முதல் வெட்டில் உயரமாக நிற்பது ஆறாவது வெட்டில் தூர் செத்துக் கிடக்கலாம். குதிரை மசால் மூன்று நான்கு வருடம் நிற்க வேண்டிய பயிர். எத்தனை செடி மிஞ்சுகிறது என்பதே ஒரு குணம், அதை முதல் வருடம் அளக்க முடியாது. எனவே டி-ஸ்கொயர் போடுங்கள், ஆனால் வெட்டுவாரியான தரவும் குறைந்தது இரண்டு பருவமும் இருந்தால் போடுங்கள். மார்க்கர் படமும் குணப் படமும் ஒத்துப்போகவில்லை என்று பதறவும் வேண்டாம். மார்க்கர் பெரும்பாலும் எந்தக் குணத்தோடும் சம்பந்தமில்லாத இடங்களைப் பார்க்கிறது, வம்சாவளியைச் சொல்கிறது. குணம், மனிதனும் மாடும் மண்ணும் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. ஒத்துப்போனால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நீங்கள் கேட்காத தட்டைப்பயறையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர், ரகத்துக்குள் வேறுபாடு மிகக் குறைவு, ரகத்துக்கு இரண்டு மூன்று செடி போதும்.

கடைசியாக, எதை எதோடு சேர்ப்பது? அதிகத் தூரம் உள்ள இரண்டைச் சேர்த்தால் அதிக வீரியம் என்ற நம்பிக்கை பாடப்புத்தகத்திலிருந்து வருகிறது. தீவனப் பயிர்களில் மார்க்கர் தூரத்துக்கும் சந்ததியின் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. பல நேரம் பலவீனமானது. சுவிட்சர்லாந்தில் ரைகிராஸில் ஒரு சோதனை செய்தார்கள். நல்ல செடிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்குள் மார்க்கரில் தூரமாக இருப்பவற்றை ஒரு கூட்டமாகவும் நெருக்கமாக இருப்பவற்றை இன்னொரு கூட்டமாகவும் கலக்கவிட்டுப் பார்த்தார்கள். தூரமான கூட்டத்தின் சந்ததி கொஞ்சம் கூடுதல் தீவனம் தந்தது. கூடுதல் சிறியது. ஆனால் அங்கே எல்லாச் செடிகளும் முதலில் குணத்துக்காகத் தேர்வானவை என்பதைக் கவனியுங்கள்.

குதிரை மசாலில் நான் செய்யும் வரிசையும் அதுதான். முதலில் வயலில் பல வெட்டுகளுக்குத் தேறிய செடிகளைப் பொறுக்குவது, அப்புறம் அவற்றுக்குள் உறவு நெருக்கமானவற்றை மார்க்கர் வைத்துக் கழிப்பது. எத்தனை பெற்றோர் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உறவில்லாத பெற்றோர் நான்கு என்றால், டிப்ளாய்டு பயிரில் மூலக் கூட்டத்தின் வேறுபாட்டில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம் போய்விடும். பத்துப் பெற்றோர் என்றால் 5 சதவீதம்தான். நான்கு நகல் உள்ள குதிரை மசாலில் இழப்பு இதில் பாதி: 6.25, 2.5. பெற்றோரைக் கூட்டக் கூட்ட இழப்பு குறையும், ஆனால் பதினைந்தாவது செடி முதல் ஐந்து செடி அளவுக்குத் தரமாக இருக்காது, சராசரி இறங்கும். எட்டு முதல் பன்னிரண்டுக்குள் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படுகிறது. பெற்றோருக்குள் உறவு இருந்தால் இந்தக் கணக்கில் பத்தை எட்டு என்றோ ஆறு என்றோ குறைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் எஸ்என்பி தரவிலிருந்து உறவுக் கெழு (எவ்வளவு நெருங்கிய உறவு என்று காட்டும் எண்) எடுத்தால் தெரிந்துவிடும். ஆய்வேட்டில் கிளைப்படம் போடும் பக்கத்தில் அந்த உறவு அட்டவணையைப் போடுங்கள், அதை வைத்துத்தான் அடுத்த பருவத்தில் செடி நட முடியும்.